5 ஏக்கருக்கு 36 லாரி: நிலப் பயன்பாட்டை மாற்றும் முன் எதைக் கணக்கிட வேண்டும்?

மடுவுக்கரை:
சென்னையில் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எங்கள் பகுதியில், வேளாண் மண்டலத்தில் இருக்கும் 5 ஏக்கர் நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றக் கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. வரப்போவது 600 வீடுகள். வீட்டுக்கு நால்வர் என்றால் 2,400 பேர். ஆளுக்கு வழக்கமான 135 லிட்டர் என்று போட்டால் நாளொன்றுக்கு 3,24,000 லிட்டர் வேண்டும். குழாய் இணைப்பு வரும்வரை 9,000 லிட்டர் லாரிகள் 36 நடை வர வேண்டும். விண்ணப்பத்தோடு இணைத்த அறிக்கையிலோ, 'அப்பகுதியில் குடிநீர் வசதி உள்ளது' என்ற ஒற்றை வரியைத் தவிர வேறெதுவும் இல்லை. இதை வைத்து மண்டலத்தை மாற்றலாமா?

நகரமைப்பன்:
600 வீடுகளும் நாளைக்கே நிரம்பிவிடப் போவதில்லை; அனுமதி, கட்டுமானம் எல்லாம் முடிந்து ஆட்கள் குடியேற நாலைந்து ஆண்டுகள் ஆகும். நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உங்கள் 3,24,000 லிட்டர் அதில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். மறுத்துவிட்டால் அந்த 600 குடும்பங்களும் காணாமல் போய்விடுமா? இன்னும் தெற்கே அங்கீகாரமில்லாத மனைகளை வாங்கி, ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறும் செப்டிக் டேங்கும் போட்டுக்கொள்வார்கள். சிதறிக் கிடக்கும் மனைகளைவிட நெருக்கமான குடியிருப்புக்குக் குழாய் பதிக்கத்தான் வீட்டுக்கு ஆகும் செலவு குறைவு. மெட்ரோ ரயில் வரப்போகும் சாலையோரத்தில் வீடு கட்டக் கூடாது என்றால் வேறு எங்கே கட்டுவது?

மடுவுக்கரை:
ஆலையில் தண்ணீர் இருப்பதும் எங்கள் தெருக் குழாயில் வருவதும் ஒன்றாகுமா? ஆயிரத்தில் இரண்டு பங்கு என்ற வாதத்தை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் வைக்கலாம், தனித்தனியே பார்த்தால் எல்லோரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஏற்கெனவே அனுமதி பெற்று இன்னும் ஆள் குடியேறாத வீடுகளின் தேவையைக் கூட்டிய பிறகு மிச்சம் என்ன என்பதுதான் கொள்ளளவு. அந்த மிச்சத்தையும் ஆண்டுச் சராசரியை வைத்துச் சொல்லாமல், 2019 ஜூன் போன்ற ஒரு மாதத்தை வைத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயில் கொண்டுவந்த 25 இலட்சம் லிட்டர் இந்த ஒரு வளாகத்துக்கே எட்டு நாளுக்குக் காணாது.

கழிவுநீர்க்காரன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடுக்ககங்களின் சுத்திகரிப்பு நிலையங்களைப் பராமரிப்பது என் தொழில். குடிநீரைப் பற்றி மட்டுமே இருவரும் பேசுகிறீர்கள். வந்த தண்ணீரில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும், அதாவது நாளுக்குச் சுமார் 2,60,000 லிட்டர். முழுவதும் வளாகத்துக்குள்ளேயே மறுபயன்பாடு என்று வரைபடத்தில் எழுதிவிடுவார்கள். கழிவறைத் தொட்டிகளுக்கு ஆளுக்கு 45 லிட்டர் வீதம் 1,08,000 லிட்டர் செலவாகும். மீதி ஒன்றரை இலட்சம் லிட்டரைச் செடிகளுக்கு விடலாம் என்பது மே மாதத்துக்குப் பொருந்தும். நவம்பரில் மண்ணே குளமாக நிற்கும்போது எங்கே விடுவது? ஒன்று லாரியில் போகும், இல்லையென்றால் இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் போகும். இன்னொன்றும் உண்டு. 600 வீட்டுக்குக் கட்டிய நிலையத்தில் முதல் ஆண்டு 60 வீட்டுக் கழிவே வந்தால் நுண்ணுயிர்களுக்குத் தீனி போதாது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் புளோயரையும் இரவில் நிறுத்திவிட்டால், காலையில் தொட்டி மூடியைத் திறக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

நகரமைப்பன்:
நவம்பர்க் கணக்கை ஏற்கிறேன். நான் அதை யோசிக்கவில்லை. ஆனாலும் இது மறுப்பதற்கான காரணம் ஆகாது, நிபந்தனை விதிப்பதற்கான காரணம். பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்த பிறகே பணி நிறைவுச் சான்று என்று வைத்துவிட்டால் போதும். உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணத்தையும் கட்டுநர் செலுத்தத்தானே போகிறார்?

மடுவுக்கரை:
அந்தக் கட்டணம் மாநில நிதியில் போய்ச் சேருகிறதே ஒழிய எங்கள் தெருவுக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. நிபந்தனையைப் பணி நிறைவுச் சான்று வரை தள்ளிப்போட்டால், அதற்குள் வங்கிக் கடன் வாங்கி வீடு பதிவு செய்த 600 குடும்பங்கள் வாசலில் நிற்கும். அப்போது சான்றை நிறுத்திவைக்க எந்த அதிகாரிக்கும் மனம் வராது. ஆகவே நிபந்தனை மண்டல மாற்ற ஆணையிலேயே இருக்க வேண்டும். என் ஆட்சேபக் கடிதத்தில் மூன்று எண்களைக் கேட்கப்போகிறேன்: கோடையின் மோசமான மாதத்தில் எங்கள் பகுதிக் குழாயில் வரும் நீர், அனுமதி பெற்றுக் குடியேறாத வீடுகள், நவம்பரில் வளாகத்தை விட்டு வெளியேறும் கழிவுநீர்.

நகரமைப்பன்:
நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த 5 ஏக்கரில் மட்டும் 20 இலட்சம் லிட்டர் விழும். வயலாக இருந்தவரை அதில் ஒரு பகுதியாவது தேங்கி நின்று மெதுவாக வடிந்தது. கான்கிரீட் போட்ட பிறகு அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீர் வடியும் ஒக்கியம் மடுவைச் சென்றடைய எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள். இரண்டாவது எண்ணுக்குப் பதில் வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அனுமதி தருவது ஓர் அலுவலகம், தண்ணீர் தருவது வேறோர் அலுவலகம். மண்டல மாற்ற ஆணையிலேயே நிபந்தனையை எழுதுவதில் எனக்கு உடன்பாடுதான், கடிதத்தில் என் கையெழுத்தும் இருக்கட்டும். ஆனால் விண்ணப்பத்தை அடியோடு நிராகரிக்கச் சொல்லும் வரி இருந்தால் போடமாட்டேன்.