புதுப்பிப்பு: ஞாயிறு சைக்கிள் சவாரிக்குச் சேர்ந்துவிட்டேன்

மட்டக்களப்பு சைக்கிள் குழுவோடு போக ஆசை, என்னிடம் கியர் இல்லாத பழைய சைக்கிள்தான், பின்தங்கிவிடுவேனோ என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, இப்போது ஆறு ஞாயிறு முடிந்துவிட்டது.

கல்லடிப் பாலத்தடியில் விடிய முதல் கூடுகிறோம். முதல் நாளே தெற்கே ஆரையம்பதிப் பக்கம். காற்று எதிரே அடித்தது, காத்தான்குடி தாண்டும்போதே மூச்சு வாங்கியது. குழுவில் மூத்த ஐயா ஒருவர் வேகத்தைக் குறைத்து, "புள்ள, என்ட பின் ரயருக்குக் கிட்ட வா, காத்த நான் வாங்குறன்" என்றார். ஒரு முழ இடைவெளிதான். சட்டென்று பெடல் இலகுவானது! முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு குறைகிறது. ஆனால் பிரேக்கில் விரல் இருக்கவேண்டும், பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் கையால் காட்டுவார்.

சீட்டையும் அவரே உயர்த்திவிட்டார். பெடல் அடியில் இருக்கையில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நிற்கவேண்டும், அதுதான் அளவு. என் முழங்கால் நோவு அப்புறம் வரவேயில்லை.

போன வாரம் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போனோம், 1913இல் கட்டியது. வழியில் என் ரியூப் காற்றுப் போனது. எல்லோரும் இறங்கி நின்றார்கள். ஒரு அக்கா ஒட்டுப்போட, இன்னொருவர் பம்ப் அடிக்க, ஒருவரும் முன்னால் போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தயங்கி நிற்கிற பெண் பிள்ளைகள் வாங்க, வரும் ஞாயிறு நானும் பாலத்தடியில் நிற்பேன்.