மேல் ஸ்தாயிப் புள்ளியும் மெய்ப்புள்ளியும் ஒன்றா?

வயலின்_வாத்தியார்:
நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஸ்வரம் எழுதும்போது மேல் ஸ்தாயிக்கு, அதாவது அடுத்த உயர் சுற்றில் வரும் ஸ்வரங்களுக்கு, தனிக்குறி எதற்கு? மெய்ப்புள்ளி வைத்தால் போதும். ஒரு வர்ணப் பாட்டு முழுவதையும் கூகுள் டாக்ஸில் அப்படித்தான் அடித்தேன்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் மெய்ப்புள்ளி 0பிசிடி, ஸ்தாயிக்கு வைக்கும் மேற்புள்ளி 0307. இரண்டும் வேறு. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தால் ஒன்றாகிவிடுமா?

குடந்தை_பாட்டு:
எழுதியது நான்தான் சார், நேராகவே திட்டலாம். "ஸ ரி க ம | ப த | நி ஸ் ||". ஆரம்பப் பாடமான சரளி வரிசை. இதில் எந்தப் பிள்ளைக்குக் குழப்பம்? ஸ்வர வரியில் மெய்யெழுத்தே வராதே. உங்கள் 0307-ஐப் பல தமிழ் எழுத்துருக்களில் போட்டால் புள்ளி எழுத்தை விட்டு விலகிப் பக்கத்தில் போய் நிற்கிறது.

வயலின்_வாத்தியார்:
மேல் ஸ்தாயி ஸ-வுக்கு அடுத்து ரீ நெடிலாக வரும் இடத்தை ஒட்டி அடித்துப் பாருங்கள். ஸ் தனியாக நிற்காது, இரண்டும் சேர்ந்து "ஸ்ரீ" ஆகிவிடும். பாட உட்காரும் பிள்ளை இரண்டு ஸ்வரத்தைப் பாடுமா, கடவுள் பெயரைச் சொல்லுமா?

குடந்தை_பாட்டு:
நடுவில் ஒரு இடைவெளி விட்டால் தீர்ந்தது. இதற்கா இவ்வளவு கோபம்?

வயலின்_வாத்தியார்:
இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், ஸ்வரங்களைச் சேர்த்து எழுதி மேலே கோடு போடுகிறோம். அங்கே இஷ்டத்துக்கு இடைவெளி விட்டால் எது தாளத்தின் எந்த அட்சரத்தில் விழுகிறது என்று எப்படித் தெரியும்? மெய்ப்புள்ளி ஸ்தாயிப்புள்ளி அல்ல.

எழுத்துரு_ரசிகன்:
நடுவில் 200சி என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுத்தடைக் குறியைப் போட்டால் ஒட்டாது. அதை விடுங்கள், அந்த மேல்கோட்டுக்கு என்ன வழி? டாக்ஸில் அடிக்கோட்டுக்குப் பொத்தான் இருக்கிறது, மேல்கோட்டுக்கு இல்லை. நான் அடிக்கோட்டை வைத்தே ஓட்டுகிறேன்.

வயலின்_வாத்தியார்:
அடிக்கோடா? கீழ் ஸ்தாயிப் புள்ளி வருவதே அங்கேதான், தம்பி! கோடும் புள்ளியும் ஒன்றோடொன்று முட்டும்.

பியானோ_பிரியை:
லில்லிபாண்ட் என்ற இசை அச்சு மென்பொருளில் மேற்கத்திய முறைப்படி ஐந்து கோட்டில் எழுதிப் படமாக ஒட்டினால் புள்ளிச் சண்டையே வராது. சின்னசாமி முதலியார் 1890களிலேயே கீர்த்தனைகளை அப்படி அச்சிட்டவர்.

குடந்தை_பாட்டு:
கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, எங்கே வைப்பீர்கள் மேடம்? 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் கொண்டுவந்த சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி நூலில் கமகங்களுக்கென்றே தனிக்குறிகள் இருக்கின்றன. தோடி ராகத்தில் அசைந்து வரும் காந்தாரத்தை, அந்த "க"-வை, ஐந்து கோட்டில் எழுதிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

பியானோ_பிரியை:
உங்கள் வெறும் "க"-வில் மட்டும் தோடி தெரிகிறதா? அந்த முதலியாருக்குக் கீர்த்தனைகளைத் தந்தவரே சுப்பராம தீட்சிதர்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வயலின்_வாத்தியார்:
எட்டயபுரத்தில் கமகத்துக்கே தனிக்குறி வார்த்தார்கள். இங்கே ஸ்தாயிக்குக்கூட இரவல் புள்ளி! இன்னொன்று: ஸ்வரத்துக்குக் கீழே சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், வருகிறது. பின்னால் சரிசெய்யலாம் என்று "ஸ்" எல்லாவற்றையும் தேடி மாற்றினால் சாகித்யத்தில் இருக்கிற "ஸ்மரணை"யும் சேர்ந்து கெடும். மெய்ப்புள்ளி மெய்ப்புள்ளிதான்.

குடந்தை_பாட்டு:
தேடி மாற்றச் சொன்னது யார்? ராகமாலிகை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், நான் சொல்லாததற்கெல்லாம் பதில் எழுதினீர்கள். இன்னும் மறக்கவில்லை.

எழுத்துரு_ரசிகன்:
தாளத்துக்கு எட்டுக் கட்டம் போட்ட அட்டவணை சரிவருமா? யாராவது சொல்லுங்களேன்.

வயலின்_வாத்தியார்:
ராகமாலிகையில் நான் சொன்னதும் சரிதான். அட்டவணையை அப்புறம் பார்க்கலாம், முதலில் புள்ளிக்குப் பதில் வரட்டும்.

குடந்தை_பாட்டு:
அடுத்த வர்ணத்தையும் மெய்ப்புள்ளியிலேயே போடுகிறேன்.

வயலின்_வாத்தியார்:
போடுங்கள். ஒவ்வொரு "ஸ்"-க்கும் கீழே வந்து இதையே எழுதுவேன்.