கோப்பை அளவைக் கிராமாக மாற்றுவது எப்படி?

கேள்வி: கேக் செய்முறைகளில் கோப்பைக் கணக்கில் தரப்படும் மைதா, சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றை எடைக்கு மாற்ற ஒரே பெருக்கல் எண் போதுமா? ஒரே செய்முறையைப் பின்பற்றியும் கேக் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதத்தில் வருவது வருத்தமளிக்கிறது.

முதல் பதில்: போதாது, பொருளுக்குப் பொருள் அடர்த்தி மாறும். ஏறத்தாழ 237 மில்லிலிட்டர் கொண்ட அமெரிக்கக் கோப்பையில் சர்க்கரை 200 கிராமும் வெண்ணெய் 227 கிராமும் பிடிக்கும். மைதாதான் சிக்கலானது: கரண்டியால் தளர்வாக இட்டு, மேற்புறத்தை வழித்துச் சமன்செய்தால் 120 முதல் 125 கிராம் வரும், கோப்பையையே மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராமைக்கூடத் தொட்டுவிடும். உங்கள் கேக்கின் பதம் மாறுவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இரண்டாம் பதில்: செய்முறை எந்த நாட்டுடையது என்பதையும் பாருங்கள், ஆஸ்திரேலியக் கோப்பை 250 மில்லிலிட்டர். சமையல் சோடாவை மட்டும் தேக்கரண்டியிலேயே அளப்பது நல்லது, ஏனெனில் வீட்டுத் தராசுகள் அவ்வளவு சிறிய எடையைச் சரியாகக் காட்டுவதில்லை.

கேட்டவர்: மிக்க நன்றி. நான் இதுவரை அழுத்தியே அள்ளி வந்திருக்கிறேன்.