இங்கிலாந்தின் பிரிஸ்டல்–பாத் ரயில் பாதை: இருட்டின பிறகு சைக்கிளில் போகிறவர்களுக்கு

இந்தப் பாதையில் பையன்கள் வழிமறிக்கிற தொந்தரவு எங்கே வரும் என்பதற்கு அதன் பழைய பிழைப்பே பதில். மூடிப்போன ரயில் தடத்தின் மேல் 1979-லிருந்து 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட சைக்கிள், நடைப் பாதை, சுமார் 21 கிலோமீட்டர். ரயில் தடம் என்பதால் பல இடங்களில் மேட்டின் மேல் ஓடும், அல்லது வெட்டின பள்ளத்துக்குள் ஓடும். இரண்டிலும் பக்கவாட்டில் விலகிப் போக முடியாது. வழிமறிக்கிற பையன்களுக்கும் அது தெரியும். பிரிஸ்டலின் ஈஸ்டன், ஃபிஷ்பாண்ட்ஸ் பகுதிகள் பக்கம் போகிறவர்கள், தெருவுக்கு ஏறும், இறங்கும் சரிவுகள் எங்கெங்கே என்று பகலில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு இருக்கிறதா என்பதைவிட தெருவுக்கு வெளியேறும் அடுத்த வாசல் எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம்.

வழியில் வரும் ஸ்டேப்பிள் ஹில் சுரங்கப்பாதை மட்டும் ஏறக்குறைய 470 மீட்டர். நடுவில் வெளியேற இடமே இல்லை. இரவிலும் விளக்கு எரியும் என்று நம்பி நுழையாதீர்கள். மேலே தெருவழியாகச் சுற்றிப் போனால் சில நிமிடம்தான் கூடும்.

—

வாசல் விஷயம் சரி. ஆனால் சைக்கிளைத் திருப்பத் தெரிய வேண்டுமே! பாதை பல இடங்களில் 3 மீட்டர் அகலம்தான். எதிரே நாலு பேர் குறுக்கே நின்றால் பலரும் செய்கிற தப்பு, பெரிய கியரிலேயே கிட்டப் போய் பிரேக் பிடிப்பது. சங்கிலி பல்சக்கரம் மாறுகிற சாதாரண கியர், மிதிக்காமல் மாறாது. நின்ற பிறகு லீவரைத் தட்டினால் ஒன்றும் நடக்காது, முதல் மிதியிலேயே கால் திணறும். ஐம்பது அறுபது மீட்டர் இருக்கும்போதே மிதித்துக்கொண்டே இரண்டு மூன்று கியர் குறைத்துவிடுங்கள். பிறகு நின்று, ஒரு காலை ஊன்றி, சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்புங்கள். வட்டமடிப்பதைவிட இது வேகம். எலெக்ட்ரிக் சைக்கிளின் கனத்துக்கு இது சுலபமில்லை, அதனால் இன்னும் முன்னாலேயே முடிவெடுங்கள். வேகமாக நடுவில் புகுந்து போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு குச்சியோ காலோ முன்சக்கரக் கம்பிக்குள் போனால் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்க வேண்டியதுதான்.

—

ஊரிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்கு: மிளகு ஸ்பிரே கொண்டுவராதீர்கள். இந்தியாவில் கடையில் கிடைக்கும், இங்கே 1968 துப்பாக்கிச் சட்டத்தின்படி அது தடைசெய்த ஆயுதம். பையில் வைத்திருந்தாலே குற்றம். பஞ்சர் பார்க்கிற டூலிலும் கவனம் வேண்டும். பிளேடு மடங்கி, பூட்டிக்கொள்ளாததாக, 3 அங்குலத்துக்குள் இருக்கணும்.

போனை ஹேண்டில்பார் ஸ்டாண்டில் மாட்டி ஓட்டாதீர்கள். பிடுங்குகிறவன் கண் முதலில் போவது அங்கேதான். ஜிப் வைத்த உள்பையில் போடுங்கள்.

—

ஆபத்தில் 999. பேச முடியாத நிலை என்றால், மொபைலிலிருந்து அழைத்து, அங்கே சொல்லும்போது 55 அழுத்துங்கள், போலீசுக்கு இணைப்பார்கள். ஆனால் 55 அழுத்தியதாலேயே நீங்கள் நிற்கிற இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. குறுஞ்செய்தியில் அழைக்க முன்னதாகவே பதிவு செய்திருக்கணும். 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து 999-க்கு அனுப்பி, வருகிற பதிலுக்கு 'யெஸ்' போட்டால் முடிந்தது. இதை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து செய்துவிடலாம்.

"ரயில் பாதையில் இருக்கிறேன்" என்றால் போலீசுக்கு எதுவும் புரியாது. கடைசியாகக் கடந்த பாலத்தின் மேலே ஓடும் தெருவின் பெயரைச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதையும்.

நடந்து முடிந்ததைப் போலீசில் பதிய 101. உடைந்த பாட்டில், அணைந்த விளக்கு இதெல்லாம் மாநகராட்சி வேலை. ஸ்டேப்பிள் ஹில் பக்கம் சவுத் குளோஸ்டர்ஷயர் கவுன்சில், ஊருக்குள் பிரிஸ்டல் கவுன்சில். மாற்றி அனுப்பினால் கண்ணாடி வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.