தொட்டு அடுக்கிப் பார்க்கும் ஓவிய மேசை: ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் சிறிய அருங்காட்சியகத்தின் ஓவியக் கூடத்தில், பார்வையாளர்கள் வண்ண வடிவங்களைத் தாங்களே இடம் மாற்றி அடுக்கி, ஓர் ஓவியம் உருப்பெறும் விதத்தை உணரும்படி ஒரு மேசை அமைக்க விரும்புகிறோம்.

1941ஆம் ஆண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் தளர்ந்த பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரித்து, உதவியாளர்களைக் கொண்டு சுவரில் குண்டூசியால் பொருத்தி, மனம் நிறையும் வரை இடம் மாற்றச் செய்தார். அந்தத் தேடலையே பார்வையாளர்களுக்குத் தர நினைக்கிறோம். சரியான விடை ஒன்றே உள்ள புதிராக இது மாறிவிடக் கூடாது.

காந்தம் பதித்த மரத்துண்டுகளா, ஃபெல்ட் துணி வடிவங்களா என்பதில் இன்னும் முடிவெடுக்கவில்லை. கழன்ற காந்தங்களைக் குழந்தைகள் விழுங்கினால் பேராபத்து என்பதால் என் மனம் துணியின் பக்கமே சாய்கிறது. ஆனால் பலர் கைபட்டும் அது எவ்வளவு காலம் தாங்கும்? மேசையைத் தொடலாம் என்றபின் அருகிலுள்ள அசல் ஓவியத்தை நோக்கியும் நீளும் கைகளை, அதட்டும் அறிவிப்பின்றி எவ்வாறு தடுக்கலாம்? குழந்தைகளுக்கானது என்று ஒதுங்கும் பெரியவர்களை (அவர்களே பெரும்பான்மையினர்) அழைக்க எத்தகைய வாசகம் பொருந்தும்?

இத்தகைய மேசையை அமைத்தவர்களோ பயன்படுத்தியவர்களோ தங்கள் அனுபவத்தை, இயன்றால் படங்களுடன், பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.