கலைச்சொல் வேண்டும்: திட்டத்தின் ‘ரூட்’ கோப்புறை
(குழு உரையாடல்; எழுதுவோர் தத்தம் ஊர்ப் பெயரில்)

மண்டபத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மென்பொருள் திட்டத்தின் கோப்புகளை எப்படி அடுக்குவது என்பது அதில் ஒரு பாடம். பழைய கையேட்டில் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிற கோப்புறை ‘மூல அடைவு’. நிரல் இருக்கும் எஸ்ஆர்சி (src) கோப்புறை ‘மூலநிரல் அடைவு’. இரண்டிலும் ‘மூல’ வருவதால் குழம்பி, பாதிப் பிள்ளைகள் எஸ்ஆர்சிக்குள் நின்றுகொண்டு பைடெஸ்டை (சோதனைகளை ஓட்டும் கருவி) ஓட்டுகிறார்கள். சோதனைகள் இருக்கும் டெஸ்ட்ஸ் பக்கத்துக் கோப்புறை, உள்ளே இல்லை. ஒரு சோதனைகூட ஓடாது. ஆங்கிலத்தில் உள்ளபடி ‘ரூட்’ (வேர்) என்றே விடலாம் என்றால், அவர்களுக்கு ரூட் என்பது ராமேசுவரம் பஸ் ரூட். கோப்பின் பாதையையும் ரூட் என்றே எழுதுகிறார்கள். ஒரு சொல் தாருங்கள்.

கீழக்கரையிலிருந்து:
வேரடைவு. முடிந்தது.

தேவிபட்டினத்திலிருந்து:
அடைவு வேண்டாம் காக்கா (அண்ணே). பள்ளிக்கூடத்தில் அடைவு என்றால் அடைவுத் தேர்வு. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் நகையை அடகு வைப்பது அடைவு. ‘அடைவே’ என்றால் ‘முறையே’ என்றும் ஒரு பொருள் உண்டு, டைரக்டரிக்கு அழகாகப் பொருந்தும். வகுப்பில் அதை யார் விளக்குவது? கோப்புறை போதும். கோப்பு + உறை; உகரம் ஓடிவிட்டது. உறை வெறும் கவர் அல்ல, உறைதல், தங்குதல். கீழடி உறைகிணற்றைப் பாருங்கள், சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி...

கீழக்கரையிலிருந்து:
ஐயா, கிணற்றிலிருந்து மேலே வாருங்கள். கோப்புறை என்பது ஃபோல்டர். டைரக்டரிக்கு அடைவுதான். 1995-இல் விண்டோஸ் 95 டைரக்டரியின் பெயரை ஃபோல்டர் என்று மாற்றியதற்காக நாமும் மாற்ற வேண்டுமா?

மண்டபத்திலிருந்து:
பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். சிக்கல் முன்னால் வரும் சொல்லில்.

தொண்டியிலிருந்து:
வேரும் சரிவராது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் வேர் ஒன்றே ஒன்று, அந்தச் சாய்கோடு (/). அங்கே நின்று சிடி, இரண்டு புள்ளி (cd .., ஒரு படி மேலே போ) என்று அடித்தாலும் அங்கேயேதான் நிற்பீர்கள். அதற்கு மேல் எதுவும் கிடையாது. திட்டக் கோப்புறைக்கு மேலே ஹோம் (பயனரின் வீட்டுக் கோப்புறை) இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. போதாததற்கு ரூட் என்கிற நிர்வாகப் பயனருக்கு அதே பெயரில் தனி வீடு வேறு.

எங்கள் பக்கம் வள்ளம் கட்டுகிறவர்கள் முதலில் ஏரா (அடிமரம்) வைப்பார்கள். வங்கும் (விலாமரம்) பலகையும் அப்புறம்தான் ஏறும். கிட் இனிட் (மாற்றங்களைப் பதியும் கிட் கருவியைத் திட்டத்தில் தொடங்கும் கட்டளை) அடிப்பதும் அதுதான். அதனால் உண்டாகும் புள்ளி-கிட் (.git) கோப்புறை எங்கே இருக்கிறதோ அது ஏரா. ரீட்மீ, லைசென்ஸ், எஸ்ஆர்சி, டெஸ்ட்ஸ், டாக்ஸ் எல்லாம் அதன்மேல். சொல்லும் சுத்தத் தமிழ் என்றே நினைக்கிறேன்: ஏர் நிலத்தைக் கீறும், ஏரா நீரைக் கீறும்.

தேவிபட்டினத்திலிருந்து:
ஏர் + ஆ? அந்த ‘ஆ’ என்ன தம்பி, எதிர்மறையா? உழாத ஏரா?

தொண்டியிலிருந்து:
தச்சர் வாயில் புழங்குகிற சொல்லுக்கு இலக்கணச் சான்றிதழ் எதற்கு ஐயா?

வேதாளையிலிருந்து:
ஏரா அடியில் கிடக்கும். கோப்புறைகளைக் காட்டும் நம் மரப்படத்தில் இது உச்சியில் இருக்கிறது. பரமக்குடியிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஏராவை விளக்கவே ஒரு பீரியட் போய்விடும். நான் மொழிபெயர்ப்பில் ‘தலைக்கோப்புறை’ என்று போடுகிறேன். யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

தேவிபட்டினத்திலிருந்து:
தலையணை உறை மாதிரி இருக்கிறது. இருந்தாலும் புரிகிறது. சரி.

மண்டபத்திலிருந்து:
இரண்டு பேர் தலை பக்கம் வந்துவிட்டீர்கள், எனக்கும் நேரமில்லை. கையேட்டில் ‘தலைக்கோப்புறை’. எஸ்ஆர்சிக்கு ‘நிரல் கோப்புறை’. ‘மூலம்’ இரண்டு இடத்திலும் போயிற்று. பயிற்சியின் முதல் வரி: “எல்எஸ் -ஏ (மறைந்த கோப்புகளையும் காட்டும் கட்டளை) அடி. புள்ளி-கிட் தெரிந்தால் தலைக்கோப்புறையில் இருக்கிறாய். அங்கிருந்து மட்டும் சோதனையை ஓட்டு.”

தொண்டியிலிருந்து:
அச்சில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். என் திட்டங்களின் ரீட்மீயில் ஏராதான். மாற்றச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் (திருத்தக் கோரிக்கை) அனுப்பினாலும் ஏற்க மாட்டேன்.

கீழக்கரையிலிருந்து:
எனக்கு இன்னும் வேரடைவுதான். அது கிடக்கட்டும், பில்டு கோப்புறைக்கு (நிரலிலிருந்து உருவாக்கியவை சேரும் இடம்) என்ன சொல்?

மண்டபத்திலிருந்து:
அது கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாதவற்றின் பட்டியல்) இருக்கிறது காக்கா. கையேட்டில் வராது.