புதுப்பிப்பு: பைத்தான் 3.12-இல் ஏறாத சி தொகுதி இப்போது ஓடுகிறது

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. திருப்பூர் சாயப்பட்டறையில் நிற அளவியைப் படிக்கும் எங்கள் சி தொகுதி (சி மொழியில் எழுதி, பைத்தானுக்குள் ஏற்றும் நிரல்), பைத்தானை 3.11-இலிருந்து 3.12-க்கு மாற்றியதும் ஏற மறுத்தது, அதைத்தான் கேட்டிருந்தேன்.

முதலில், 3.11-க்குத் தொகுத்த கோப்பின் பெயரை மட்டும் 3.12-க்கு ஏற்ப மாற்றினேன். ஏறியது, ஆனால் பாதியில் விழுந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: 3.12-இல் முழு எண்ணை நினைவகத்தில் வைக்கும் உள்ளமைப்பே மாறிவிட்டது, பழைய கோப்பு அதைத் தவறாகப் படிக்கும்.

பலித்தது, வரையறுக்கப்பட்ட ஏபிஐ-யில் மறுபடி தொகுக்கச் சொன்ன யோசனை (பதிப்பு மாறினாலும் ஒத்துப்போகும் பைத்தான் சி செயற்கூறுகளின் தொகுப்பு; பெப் 384 என்ற பைத்தான் முன்மொழிவில் வந்தது, பைத்தான் 3.2 முதல் உண்டு). இப்போது ஒரே கோப்பு இரண்டு பதிப்பிலும் ஓடுகிறது.

எதிர்பாராதவை: தொகுக்கும்போது, கோப்பு ஓட வேண்டிய மிகப் பழைய பதிப்பை முதலில் 3.8 என்று வைத்தேன். பஃபர் செயற்கூறுகள் (ஒரு பொருளின் நினைவகத்தை நேரடியாக அணுகுபவை) 3.11 முதல்தான் அந்த ஏபிஐ-யில் உண்டு என்பதால் 3.11 ஆக்கினேன். டூப்பிளின் (மாற்ற முடியாத பட்டியல்) நீளத்தை நேரடியாக எடுக்கும் மேக்ரோவும் (சி-யின் குறுக்குவழிக் கட்டளை) அதில் கிடைக்காது. ஜிஐஎல் (ஒரே நேரத்தில் ஒரு இழையை மட்டும் பைத்தான் குறியீட்டை ஓடவிடும் பூட்டு) இல்லாத 3.13-க்குத் தனியாகவே தொகுக்க வேண்டும்.